ஏலத்தில் வண்டிக்கு விலை வைப்பது: இரண்டாவது ஆளைத் தேடும் வேலை

திருப்பூரில் சின்னதாக ஒரு ஆட்டோ கன்சல்டிங் நடத்துகிறேன். பழைய கார் வாங்குவது, விற்பது, பேர் மாற்றிக் கொடுப்பது. ரோட்டோரம் நாலு வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் மாடலையும் போன் நம்பரையும் எழுதி விற்று வந்த தொழில்தான். இப்போது பெரும்பகுதி செல்போனில் ஓடும் ஏலத்துக்குப் போய்விட்டது. ஏலம் கேட்கும் பக்கமும் இருக்கிறேன், வண்டியை ஏலத்துக்கு விடும் பக்கமும் இருக்கிறேன். கடையில் தேங்கிய வண்டிகள் போக, தெரிந்தவர்கள் "நீயே போட்டு வித்துக் குடுப்பா" என்று ஒப்படைக்கிற வண்டிகளும் உண்டு.

வண்டியைக் கொண்டு வருகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவுக்குப் போகும்?" நான் பதிலுக்கு, "உங்க வண்டிய எத்தனை பேரு நெசமா கேப்பாங்க?" என்பேன். எரிச்சலாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் விலை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வண்டிக்கு ஒருவர் 4 லட்சம் வரை தரத் தயாராக இருக்கிறார், அவருக்கு அடுத்தவர் 3,60,000 வரை என்று வைத்துக்கொள்வோம். ஏலம் எங்கே நிற்கும்? 4 லட்சத்தில் நிற்காது. இரண்டாமவர் விலகியதும் 3,61,000 அல்லது 3,62,000-இல் முடிந்துவிடும். முதல் ஆளின் மிச்சப் பணம் அவர் பையிலேயே இருக்கும். அதாவது, வண்டியை எடுப்பவர் ஒருவர், அதன் விலையைத் தீர்மானிப்பவர் இன்னொருவர். அந்த இரண்டாவது ஆளைத் தேடிக் கொண்டுவருவதுதான் விற்கிறவரின் வேலை. ஜெரமி புலோ, பால் கிளெம்பெரர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1996-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்: குறைந்தபட்ச விலையை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வைத்தாலும், கூடுதலாக ஒரே ஒரு ஆள் ஏலத்துக்கு வருவது அதைவிட லாபம். சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட கணக்குதான். ஆனாலும் என் கல்லாப்பெட்டியும் அதையேதான் சொல்கிறது.

கேட்கிறவன் என்ன கணக்குப் போடுகிறான் என்று தெரியாமல் விலை வைக்க முடியாது. நான் பயன்படுத்துவது டீலர்கள் மட்டும் கேட்கிற ஏலம். ஏலக் கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் போடுவார், பல ஊர் டீலர்கள் போனில் கேட்பார்கள், முடிவில் வந்த விலைக்கு நீங்கள் சரி சொன்னால் வியாபாரம். கேட்கிற அத்தனை பேரும் என்னைப் போன்றவர்கள். வண்டியை ஓட்டி ரசிக்க வாங்கவில்லை, திருப்பி விற்க வாங்குகிறார்கள்.

ஒரு 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்கொள்வோம். கடையில் 4,75,000 என்று சொன்னால் பேரம் பேசி 4,60,000-க்குக் கை மாறும் என்பது என் கணிப்பு. அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். டிங்கரிங், பாலிஷ், சர்வீஸ், ஒரு பேட்டரி என்று 18,000. வண்டி இரண்டு மாதம் கடையில் நிற்கும். முதலுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றால் சுமார் 12,000. பேர் மாற்றும் செலவு 6,000. ஏலக் கம்பெனிக்குக் கட்டணம் 8,000. எனக்கு 25,000 நிற்க வேண்டும். இதெல்லாம் கழித்தால் 3,91,000. அப்புறம் ஜிஎஸ்டி. பழைய வண்டியை வாங்கி விற்கிற பதிவு பெற்ற டீலர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது வரி கட்ட வேண்டும். சின்ன கார்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 ஜனவரியில் 18 ஆனது. இந்த வண்டியில் அது 12,000-ஐத் தொடும். ஆக நான் கேட்கக்கூடிய உச்சம் 3,78,000 அல்லது 3,79,000.

"இதே வண்டி ஆப்ல நாலே முக்கால் போட்டிருக்கானுங்க, நீங்க மூணே முக்கால் சொல்றீங்களே" என்று கோபித்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் பாதி அடங்குவார்கள். நீங்கள் பார்ப்பது கடைக்காரன் சொல்லும் விலை. ஏலத்தில் வருவது கடைக்காரன் வாங்கும் விலை. நடுவில் இருக்கும் பணத்துக்கு வட்டி உண்டு, வாடகை உண்டு, வந்து பார்த்துவிட்டு "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று போகிறவர்களோடு கழியும் ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. அந்தப் பணம் முழுக்க உங்களுக்கே வேண்டும் என்றால், ஏலத்தை விட்டுவிட்டு நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கலாம். தப்பே இல்லை. நேரம் இருக்கிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன்.

ரிசர்வ், அதாவது இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்ற விலையை இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். என் வழக்கம் இது. ஏலமே இல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் இந்த வண்டியை ரொக்கத்துக்கு யார் எடுப்பார், எவ்வளவுக்கு எடுப்பார் என்று உள்ளூரில் இரண்டு பேரிடம் கேட்பேன். அதில் பெரிய தொகைதான் ரிசர்வ். கடன் பாக்கி எவ்வளவு, பெண் கல்யாணத்துக்கு எவ்வளவு தேவை, புது வண்டிக்கு முன்பணம் எவ்வளவு குறைகிறது என்பதெல்லாம் உங்கள் கணக்கு. கேட்கிறவனுக்கு அதில் பங்கில்லை. போன வருஷம் போட்ட மியூசிக் சிஸ்டமும் அப்படித்தான். ராசி நம்பரும் அப்படித்தான். கூட்டினால் ஒன்பது வருகிறது என்பதற்காக எந்த டீலரும் கூடுதலாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தொடங்கும் விலை வேறு சங்கதி. அதைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஒரு நிபந்தனையோடு. நாலு பேர் கேட்கக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும். ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, இன்னோவா, பொலேரோ போன்றவற்றுக்கு இது பொருந்தும். மேலே சொன்ன ஸ்விஃப்ட், டிஎன் 42 பதிவு, ஒரே ஓனர். நான் 2,50,000-இல் தொடங்கினேன். ஓனர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு, "ஏனுங்க, ரெண்டரைக்கே போயிட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போகாது, கீழே ரிசர்வ் இருக்கிறது என்று சொன்னேன். முதல் ஐந்து நிமிடத்தில் சடசடவென்று 3,20,000 வந்தது. இந்தக் கட்டத்தில் கேட்கிறவர்கள் பாதிப் பேர் வாங்கப் போவதில்லை. விலை மலிவாகத் தெரிகிறதே என்று ஒரு கேள்வி, அதாவது ஒரு ஏல விலை, போட்டு வைப்பார்கள். ஆனால் ஒருமுறை கேட்டவருக்கு, "உங்களை முந்திவிட்டார்கள்" என்று போனில் மணி அடிக்கும். அடித்ததும் திறந்து பார்ப்பார். ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படிப்பார். கணக்குப் போடுவார். தாழ்ந்த தொடக்க விலையின் பயன் இதுதான், ஆட்களை வண்டியைப் பார்க்க வைக்கிறது.

3,60,000-இல் எல்லாரும் நின்றார்கள். நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. அப்போது 3,61,000 விழுந்தது. கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் தானாக இரண்டு நிமிடம் நீளும் ஏலம் அது. நீண்டது. 3,62,000. மறுபடி நீண்டது. இரண்டே இரண்டு பேர், ஆயிரம் ஆயிரமாக. ஓனர் பேசுவதை நிறுத்திவிட்டார். 3,75,000-இல் ஒருவர் யோசித்தது தெரிந்தது, கடைசி சில நொடி வரை காத்திருந்து 3,76,000 கேட்டார். 3,81,000-இல் முடிந்தது. என் கணக்குக்கு மேலே 2,000 போயிருந்தது. கேட்டவருக்கு வட்டி குறைவாக இருந்திருக்கும், அல்லது கையில் ஆள் தயாராக இருந்திருக்கும்.

இப்படிக் கடைசி நேரக் கேள்விக்கு நீளாத ஏலமும் உண்டு. அங்கே கடைசி நொடியில் கேட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்று எல்லாரும் பதுங்குவார்கள். பலருக்கு நெட் சிக்காது, விலை பாதியில் நின்றுவிடும். அந்த மாதிரி இடத்தில் விற்பதானால் ரிசர்வை இழுத்துப் பிடித்து வையுங்கள்.

ஆள் வராத வண்டிக்குத் தாழ்ந்த தொடக்கம் ஆபத்து. கம்பெனி நிறுத்திவிட்ட மாடல், உதிரி பாகம் கிடைக்காத மாடல், விலை உயர்ந்த பழைய ஜெர்மன் கார் இவற்றுக்கு ஊருக்கு ஒரு டீலர்தான் இருப்பார். ஒருவர் மட்டும் கேட்டால் அது ஏலமே அல்ல. அவற்றை ரிசர்வுக்குப் பக்கத்திலேயே தொடங்கலாம். நான் இன்னும் நேராகச் சொன்னால், அவற்றை ஏலத்துக்கே கொண்டு வராமல் அந்த மாடலை மட்டும் பார்க்கும் மெக்கானிக்கைப் பிடிப்பது நல்லது. அவரிடம் வாங்குகிற ஆள் இருப்பார்.

ரிசர்வ் உயரமாக இருந்தால் விற்காமல் போகும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். அவ்வளவு இல்லை. எங்கள் சொந்தத்தில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் 2012 மாடல் இன்னோவாவை 7 லட்சத்துக்குக் கீழே தர மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். முதல் ஏலத்தில் 6,10,000 வரை வந்தது. "வேண்டாம், அடுத்த வாரம் போடு" என்றார். அடுத்த வாரம் அதே போட்டோ, அதே ரிப்போர்ட், அதே வண்டி. கேட்கிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். 'போன வாரம் யாரோ எடுக்காமல் விட்டிருக்கிறார்கள், ஏதோ இருக்கிறது' என்றுதான் நினைப்பார்கள். நானே மற்றவர் வண்டியைப் பற்றி அப்படித்தான் நினைப்பேன். இரண்டாவது தடவை 5,90,000. மூன்றாவது தடவை அதையும் தொடவில்லை. கடைசியில் பெரியப்பா 5,80,000-க்கு உள்ளூரில் கொடுத்தார். ஏலத்தில் நின்ற வண்டியை மறுபடி விடுவதானால் ஒரு மாதமாவது ஆறப்போட்டு, புது போட்டோ எடுத்து, முதல் ரிப்போர்ட்டில் குறை சொன்ன ஒன்றிரண்டைச் சரிசெய்து, பிறகு விடுங்கள்.

வண்டியை நேரில் பார்க்காமல் கேட்கிறவன் தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையைக் கழிப்பான். இதை ஏலம் கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்தால்தான் முழுசாகப் புரியும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் வீடியோ இல்லையா, இன்ஜின் புகை விடும் என்று வைத்துக்கொண்டு 30,000 கழிப்பேன். வண்டிக்கு அடியில் போட்டோ இல்லையா, துரு. சர்வீஸ் ரெக்கார்டு இல்லையா, மீட்டரைக் குறைத்திருப்பார்கள். சென்னைப் பதிவு, 2015 டிசம்பருக்கு முந்தைய மாடல் என்றால் வெள்ளத்தில் நின்றதா என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது; 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் அது திரும்பியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டையும், சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து அதன் அடிப்பகுதியையும் போட்டோ எடுத்துப் போட்டால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீரும். தண்ணீரில் நின்ற வண்டியில் அங்கே சேற்றுக் கறையோ துருவோ தெரியும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெயிண்ட் விஷயத்தில் எல்லாரும் நேர் எதிராகச் செய்கிறார்கள். விற்பதற்கு முன் கீறல் விழுந்த கதவைப் புதுசாக அடித்துக்கொண்டு வருவார்கள். சோதிக்க வருகிறவர் கையில் பெயிண்டின் தடிமனைக் காட்டும் கருவி இருக்கிறது. 'இடது கதவு ரீபெயின்ட்' என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். படிக்கிறவன் மனதில் அது ஆக்சிடென்ட். கீறலோடு இருந்த ஒரிஜினல் பெயிண்டுக்குக் கூடுதல் விலை கிடைத்திருக்கும். அந்தப் பணத்தை உள்பக்கம் சுத்தம் செய்யவும், பேட்டரிக்கும், பேப்பருக்கும் செலவழியுங்கள். பேப்பர் என்பது முக்கியம். கடன் அடைத்தாகிவிட்டது, ஆனால் ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு, இன்னும் இருக்கிறது என்றால், பைனான்ஸ்காரரிடம் என்ஓசி என்ற தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி ரத்து செய்துவிட்டு ஏலத்துக்கு வாருங்கள். ஹெச்பி நிற்கும் வண்டியைப் பல டீலர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது ஆள் அங்கேயே போய்விடுவார். கட்டாத இ-சலானும் அப்படித்தான், முன்பே பார்த்துக் கட்டிவிடுங்கள்.

புதுசான வண்டி என்றால் வேறொரு கணக்கு வருகிறது. ஒன்றிரண்டு வருஷ வண்டியின் விலைக்கு மேல் எல்லை அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலை. நீங்கள் வாங்கிய விலை அல்ல. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி இது எல்லாருக்கும் உறைத்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தது, ஒரே நாளில் 18 சதவீதம் ஆனது. ஷோரூம் விலை 8 லட்சம் என்றிருந்த வண்டியில் கம்பெனி வரிக்குறைப்பை அப்படியே கொடுத்தால் சுமார் 68,000 குறைய வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று வரி குறையும் என்று பிரதமர் பேசியதிலிருந்தே ஏலத்தில் கை தயங்க ஆரம்பித்துவிட்டது. 2024 மாடலை வைத்திருந்தவர்கள், "வாங்கினதே ஒன்பதரைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷ வண்டிகளுக்கு அவ்வளவு அடி இல்லை. அந்த விலையில் வாங்குகிறவர் புது வண்டிப் பக்கமே போகப்போவதில்லை.

காலமும் விலைதான். டிசம்பர் கடைசியில் விட்டால், ஜனவரியில் வண்டிக்கு ஒரு வயது கூடும் என்று கேட்கிறவன் இப்போதே கழித்துவிடுவான். நவம்பருக்குள் விட்டுவிடுவது நல்லது. ஆடியில் கடைக்கு வாடிக்கையாளர் வருவது குறைவு, டீலர் கையில் பணம் முடங்கியிருக்கும். ஆவணியில் தொடங்கி ஆயுத பூஜை, தீபாவளி வரை நல்ல ஓட்டம். கிழமையில் ஞாயிறு வேண்டாம். அன்றைக்கு டீலர்கள் எல்லாரும் கடையில் வாடிக்கையாளரோடு இருப்போம், போனைப் பார்க்க நேரமிருக்காது. செவ்வாய், புதன் சாயங்காலம் எனக்கு ஒத்து வந்திருக்கிறது.

முழு எண் பற்றி ஒன்று. கேட்கிறவர்கள் மனதில் எல்லை எப்போதும் மூன்றரை, நாலு, நாலரை என்றுதான் இருக்கும். தொகையைப் போட்டுவிட்டால் அதுவரை தானாகவே ஏற்றிக்கொண்டு போகும் வசதியில் பாதிப் பேர் சரியாக 4,00,000 என்று போட்டு வைப்பார்கள். நான் கேட்கும்போது 4,03,000 போடுவேன், அந்தக் கூட்டத்தைத் தாண்டிவிடும். விற்கும்போது இதையே திருப்பிப் பாருங்கள். ரிசர்வை 4,00,000-க்குக் கொஞ்சம் மேலே வைத்தால், அந்த முழு எண்ணைத் தாண்டத் துணிபவர் மட்டுமே உங்களுக்கு மிச்சம். 3,90,000-இல் வைத்தால், நாலு லட்சத்தில் கூடி நிற்கிற எல்லாரும் உள்ளே இருப்பார்கள்.

ஏலம் முடிந்ததும் விலை முடிந்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். வண்டியை எடுக்க வருகிறவர் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்து, "இது ரிப்போர்ட்ல இல்லையே, 15,000 குறைச்சுக்குங்க" என்பார். ஒரு கம்பெனி ஆள் என்னிடம் ஸ்டெப்னி டயர் பட்டன் தேய்ந்திருக்கிறது என்று 6,000 கேட்டார். ஸ்டெப்னி போட்டோ ரிப்போர்ட்டிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினேன், பேச்சை விட்டுவிட்டார். சோதனைக்கு வரும்போது குறையை மறைப்பதில் லாபம் இல்லை என்று நான் சொல்வது தர்மத்துக்காக மட்டும் அல்ல. நீங்களே காட்டி ரிப்போர்ட்டில் ஏறிய குறைக்கு ஒரு தடவைதான் விலை குறையும். மறைத்த குறைக்கு, வண்டி கை மாறும் இடத்தில், மற்ற டீலர்கள் எல்லாரும் போன பிறகு, ஒற்றை ஆளிடம் பேரம் பேச வேண்டி வரும்.

இரண்டு கேள்விகளுக்குள் நாலைந்தாயிரம்தான் வித்தியாசம் என்றால், பேரை ஒழுங்காக மாற்றுகிறவருக்கே கொடுங்கள். விற்றுவிட்ட வண்டி விபத்துக்குள்ளானால், ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் தேதியில்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல், அனுமதி பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது. வாங்குகிறவரிடம் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டரில் இருந்த கிலோமீட்டர் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டாக்கைக் கிழித்தால் மட்டும் போதாது, பேங்கில் சொல்லி மூட வேண்டும். க்ளைம் வாங்காமல் சேர்ந்த என்சிபி என்ற இன்சூரன்ஸ் தள்ளுபடி உங்களுடையது, வண்டியினுடையது அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் கேட்டு வாங்கினால் அடுத்த வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம், மூன்று வருஷம் வரை செல்லும்.